திருமதி பென்னட்டின் குரல்: 1995 தொடரோடு பன்னிரண்டு வருடங்கள்

போன மாதம் என் டிவிடி பிளேயர் மக்கர் செய்தது. எந்த டிஸ்க்கைப் போட்டாலும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடும். ரிப்பேருக்குக் கொடுத்து, லென்ஸைத் துடைத்து வாங்கி வந்ததும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நான் எடுத்தது பிபிசியின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' தொடர் டிஸ்க்கைத்தான். எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது அதுதான். அதே வாரத்தில் ஒரு தோழி கேட்டாள்: "2005 படம் பார்த்துட்டேன். பிபிசி தொடர் கிட்டத்தட்ட ஆறு மணி நேரமாமே, உட்கார்ந்து பார்க்கலாமா?" நாலு வரியில் பதில் அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன். முடியவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்த கோபமும் பிரியமும் நாலு வரிக்குள் அடங்குமா?

கதையைச் சொல்லப் போவதில்லை. ஜேன் ஆஸ்டினின் நாவல் 1813-ல் வந்தது. பிபிசி அதை 1995 செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பியது. திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ், இயக்கம் சைமன் லாங்டன். கதாநாயகி எலிசபெத் பென்னட்டாக ஜெனிஃபர் ஈலி, அவளைக் காதலிக்கும் பணக்கார டார்சியாக காலின் ஃபிர்த். முழுத் தொடரையும் நான் எட்டு ஒன்பது தடவை பார்த்திருப்பேன். துண்டு துண்டாகப் பார்த்ததற்குக் கணக்கே இல்லை.

இந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் குளம்தான் வரும். டார்சி குதிரையை விட்டு இறங்கிக் குளத்தில் பாய்கிறார், நனைந்த சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வந்து நிற்கிறார். நாவலில் இது கிடையாது, டேவிஸ் சேர்த்தது. 2013-ல் லண்டன் ஹைட் பார்க் ஏரியில் இந்தக் காட்சிக்கு ஒரு பெரிய சிலையே வைத்தார்கள். எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது சட்டை இல்லை, அதன் பிறகு இரண்டு பேரும் என்ன பேசுவது என்று தெரியாமல் தடுமாறுவதுதான். ஊரில் உங்கள் பெற்றோர் நலமா என்று டார்சி ஒரு தடவை கேட்கிறார், பதில் வந்த பிறகும் திரும்ப அதே மாதிரி விசாரிக்கிறார். குளத்தைப் பற்றி அவ்வளவு போதும்.

உண்மையில் இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்பப் போய் உட்காரும் இடம் ஐந்தாவது எபிசோடில் இருக்கிறது. டார்சியின் பெம்பர்லி மாளிகையில் ஒரு மாலை. டார்சியின் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். டார்சி மேல் கண் வைத்திருக்கும் கரோலைன் பிங்லி வேண்டுமென்றே விக்கம் என்ற ராணுவ அதிகாரியின் பெயரை இழுக்கிறாள். ஒரு காலத்தில் அவனோடு ஓடிப்போக இருந்து தப்பித்த பெண் ஜார்ஜியானா. பெயரைக் கேட்டதும் அவள் விரல் தடுமாறி வாசிப்பு நின்றுபோகிறது. எலிசபெத் சட்டென்று எழுந்து அவள் பக்கத்தில் போய், பக்கம் திருப்ப ஆளில்லாமல் உன்னை விட்டுவிட்டேனே, என் தவறுதான் என்பது போல ஏதோ சொல்லி அந்த நொடியை மூடிவிடுகிறாள். வாசிப்பு மறுபடி தொடங்குகிறது. அறையின் அந்தப் பக்கத்திலிருந்து டார்சி எலிசபெத்தைப் பார்க்கிறார். இவளும் பார்க்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. நன்றி, மன்னிப்பு, ஆசை எல்லாம் அந்தப் பார்வையில் இருக்கிறது. இதுவும் நாவலில் இப்படி இல்லை. அங்கே விக்கம் பேச்சு ஒரு பகல் நேரச் சந்திப்பில் வருகிறது, பியானோ கிடையாது. அதனால், நாவலில் இல்லாததைச் சேர்த்தார்கள் என்று குறை சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியாது. இந்த ஒரு காட்சிக்காகவே டேவிஸுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஈலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நடிப்புக்கு அவருக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டே முகத்தை மரியாதையாக வைத்துக்கொள்ள அவரால் முடிகிறது. எப்போதும் சிரித்தபடி இருக்கிறாரே என்று சிலர் சொல்வார்கள். டார்சியின் கடிதத்தைப் படிக்கும் இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள், சிரிப்பு எங்கே போனதென்றே தெரியாது. கார்ல் டேவிஸின் இசை, தலைப்பு ஓடும்போது பட்டுத் துணியும் எம்ப்ராய்டரியும் நகர்வது, பெம்பர்லிக்காகக் காட்டும் செஷயர் லைம் பார்க் மாளிகை, எல்லாமே அருமை.

சரி, இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். எலிசபெத்தின் அம்மா, திருமதி பென்னட்.

அலிசன் ஸ்டெட்மன் அந்த வேடத்தை ஒரே சுருதியில் பிடித்துக்கொள்கிறார், அதுவும் உச்ச சுருதி. வாசலில் ஆள் வந்தால் அலறல், போனால் அலறல், கடிதம் வந்தால் அலறல். இத்தனை வருடத்தில் என் கை பழகிவிட்டது. பென்னட் குடும்பத்தின் லாங்போர்ன் வீட்டுக் கூடம் திரையில் வந்தாலே கட்டைவிரல் தானாக ரிமோட்டில் வால்யூமைக் குறைக்கப் போய்விடும். அவர் போனதும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் வரும் மெல்லிய பேச்சு காதில் விழாது. ஒரு எபிசோடுக்குள் இப்படி ஏழெட்டுத் தடவை. அவர் நடிக்கத் தெரியாதவர் என்று சொல்லவே மாட்டேன். கைக்குட்டையை ஆட்டுவதும், நரம்பு தாங்கவில்லை என்று நாற்காலியில் சாய்வதும் அவ்வளவு கச்சிதம். நாவலின் முதல் அத்தியாய முடிவிலேயே ஆஸ்டின் இந்த அம்மாளை அறிவு குறைந்தவள், உலகம் தெரியாதவள், குணம் நிலையில்லாதவள் என்று எழுதிவிட்டார். ஸ்டெட்மன் இல்லாததைக் கொண்டுவரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் காது வலிக்கிறது.

முதல் தடவை பார்த்தபோது என் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "யாரு இப்படிக் கத்துறது, என்ன ஆச்சு அவளுக்கு?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்து பெண்கள், ஆண் பிள்ளை இல்லை, புருஷன் செத்தால் வீடும் நிலமும் தூரத்து உறவுக்காரன் ஒருவனுக்குப் போய்விடும் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அஞ்சு பொண்ணப் பெத்தா அரசனும் ஆண்டின்னு சும்மாவா சொன்னாங்க. கத்தாம என்ன பண்ணுவா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம்தான் அது திரும்பி வந்தது. பிளேயர் வந்த அன்று இரவு பதினொன்றரை மணி. அம்மா தூங்கிவிட்டார். ஒலியை முழுக்க நிறுத்தி, சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த அம்மாளின் வாயசைவு மட்டும் தெரிகிறது, கீழே எழுத்து ஓடுகிறது. முதல் முறையாக அவள் என்ன சொல்கிறாள் என்பதைப் படித்தேன். சொத்து போய்ச் சேரும் அந்த உறவுக்காரன் காலின்ஸ் கல்யாணம் கேட்டு, எலிசபெத் மறுத்த பிறகு அந்த அம்மாள் கேட்பது இதைத்தான்: உன் அப்பா செத்த பிறகு உனக்கு யார் சோறு போடுவார்கள்? கடைசி மகள் லிடியா விக்கமோடு ஓடிப்போன சமயத்தில் அறையில் படுத்துக்கொண்டு புலம்புவது: என் கணவர் விக்கமோடு சண்டைக்குப் போய்ச் செத்துவிடுவார், அவர் உடம்பு குளிர்வதற்குள் காலின்ஸ் குடும்பம் நம்மை வெளியே தள்ளிவிடும். குரல் இல்லாமல் படித்தால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த வீட்டில் நாளைக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடும் ஒரே ஆள் அவள்தான்.

கணக்கு நாவலில் தெளிவாகவே இருக்கிறது. திரு. பென்னட்டின் வருமானம் வருடத்துக்கு 2,000 பவுண்ட். அவர் போனதும் அது காலின்ஸுக்கு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதிவைத்தது மொத்தம் 5,000 பவுண்ட். நாலு சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 200. அதாவது கணவர் கண்ணை மூடிய மறுநாள் ஆறு பெண்கள் பத்தில் ஒரு பங்கு பணத்தில், சொந்த வீடும் இல்லாமல், வாழ வேண்டும். அம்மாவும் போன பிறகு ஆளுக்கு 1,000, அதற்கு வட்டி 40 பவுண்ட். இதைக் கல்யாணம் கேட்க வந்த இடத்திலேயே காலின்ஸ் எலிசபெத்திடம் சொல்லிக் காட்டுகிறான். டார்சிக்கு வருடம் 10,000 பவுண்ட் என்று ஊர் வாயைப் பிளக்கிறதென்றால், இந்த நாற்பதை நினைத்துத்தான்.

அப்பா என்ன செய்தார்? மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் சொத்து ஏற்பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தார். ஐந்தும் பெண்ணாகப் பிறந்தன. அப்புறம் சேமிக்க நேரம் கடந்துவிட்டது என்று விட்டுவிட்டார். ஆஸ்டின் இதை 50-ஆம் அத்தியாயத்தில் நேராகவே எழுதுகிறார். தொடரில் பெஞ்சமின் விட்ரோ அந்தத் தகப்பனை அவ்வளவு இனிமையாக நடித்திருக்கிறார், நமக்குக் கோபமே வராது. புத்தக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஒரு வார்த்தை சொல்வார், நாம் சிரிப்போம். யாரைப் பார்த்து? வெளியே கத்திக்கொண்டிருக்கும் மனைவியைப் பார்த்து. லிடியா விஷயத்தில் தப்பு தன்னுடையது என்று அவர் எலிசபெத்திடம் ஒப்புக்கொள்ளும் காட்சி தொடரிலும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் தப்பு செய்த அப்பாவுக்குக் கௌரவமாக ஒரு காட்சி கொடுக்க முடிந்தவர்களுக்கு, பயந்துபோன அம்மாவுக்கு ஒரு நிமிட அமைதி கொடுக்க மனம் வரவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இன்னொன்று. மழை வரும், ராத்திரி அங்கேயே தங்க வேண்டி வரும் என்று தெரிந்தே மூத்த மகள் ஜேனைக் குதிரையில், டார்சியின் நண்பர் பிங்லியின் நெதர்ஃபீல்டு வீட்டுக்கு அனுப்பியது யார்? பைத்தியக்காரத் திட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தத் திட்டத்தால்தான் ஜேனுக்குக் காய்ச்சல் வந்தது, அக்காவைப் பார்க்க எலிசபெத் சேற்றில் நடந்து போனாள், டார்சியோடு ஒரே கூரையின் கீழ் சில நாள் இருந்தாள். உலகமே கொண்டாடும் இந்தக் காதலுக்கு விதை போட்டது அந்த அம்மாள்.

2005 படத்தில் பிரெண்டா பிளெதின் அதே வேடம். தோழி பார்த்தது இதைத்தான். கல்யாணத்தைத் தவிர வேறு நினைப்பே கிடையாதா என்று மகள் கேட்க, உனக்கு ஐந்து பெண் பிறக்கட்டும், அப்போது வேறு என்ன நினைப்பு வரும் என்று சொல் என்கிறாள் அம்மா. ஒரே ஒரு வசனம். அவளும் வாயாடிதான், அவளும் மானத்தை வாங்குகிறாள். ஆனால் அந்த ஒரு வரியில் அவள் மனுஷியாகிவிடுகிறாள். இரண்டு மணி நேரப் படத்தில் அதற்கு இடம் இருந்தது. ஆறு மணி நேரத் தொடரில் இல்லை. மற்ற எதில் பார்த்தாலும் தொடர்தான் ஒசத்தி. பாத்திரங்கள் நிதானமாக வளர்கிறார்கள், கடிதத்துக்கு நேரம் இருக்கிறது, எலிசபெத்தின் தோழி ஷார்லெட் ஏன் காலின்ஸைக் கட்டிக்கொண்டாள் என்பது புரிகிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே சொல்கிறேன், என் பதில் தோழிக்கு: இப்போதைக்குத் தொடர் வேண்டாம்.

காரணம் இருக்கிறது. சப்டைட்டிலோடு பார்த்து முடித்த மறுநாள் நாவலை எடுத்தேன். இந்த முறை அந்த அம்மாளை நியாயமாகப் படிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் அவள் பேசுகிறாள், என் காதில் ஸ்டெட்மனின் குரல்தான் கேட்கிறது. இருபதாம் அத்தியாயத்தில் அதே குரல். கடைசியில், எலிசபெத்துக்கும் டார்சிக்கும் நிச்சயம் என்று கேட்டு அவள் வாயடைத்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அந்த மௌனத்தில்கூட அந்தக் குரல் எங்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. பன்னிரண்டு வருடம் கேட்டதைக் காதிலிருந்து எடுத்துப் போட என்னால் முடியவில்லை. தோழி இன்னும் நாவல் படித்ததில்லை. அவள் காது சுத்தமாக இருக்கிறது. முதலில் புத்தகத்தைப் படிக்கட்டும். அந்த அம்மாளுக்கு அவளே ஒரு குரல் கொடுக்கட்டும்.

படித்து முடித்த பிறகு டிஸ்க்குகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஐந்தாவது எபிசோடுக்கு மட்டும் நானும் கூட உட்காருவேன். பியானோ காட்சி வரும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் எனக்கு.