மூட்டு வலிக்கு மெக்னீசியம் என்று வீடு தேடி வருகிறார்கள். அம்மா அப்பாவின் கிரியாட்டினின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள், முக்கியமாக ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு ஓசூர், பெங்களூரு என்று வேலைக்கு வந்திருக்கிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் அம்மாவை ஐ.சி.யூ. வரை கொண்டுபோய்ப் படுக்க வைத்தது ஒரு டப்பா "இயற்கை" மாத்திரை. இப்போது பிழைத்து வீட்டில் இருக்கிறார். அந்த மாத்திரையை விற்கிற முகாம் இன்னும் ஊர் ஊராக நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது, பிரஷரும் உண்டு. முட்டி வலி, இடுப்பு வலி எப்போது தொடங்கியது என்று அவருக்கே நினைவில்லை. தக்காளி பறிக்கப் போனால் குனிந்த இடுப்பை நிமிர்த்த ஐந்து நிமிடம் ஆகும். போன வருடம் பி.எச்.சி.யில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிரியாட்டினின் (ரத்தத்தில் இது கூடினால் கிட்னி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்) 1.8 இருந்தது. "கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கும்மா, மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க" என்று அந்த டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அம்மாவும் அதை அப்படியே கேட்டு நடந்தார். வலி மாத்திரையைத் தொடவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். வலி மாத்திரை போடாதே என்று யாரிடம் சொல்லப்பட்டிருக்கிறதோ, அவர்தான் "இது மருந்தே இல்லை, இயற்கை" என்ற பேச்சுக்கு முதலில் கை நீட்டுவார். மெக்னீசியம் யாருக்கு விஷமாகுமோ, அவரும் அதே ஆள்தான்.

அம்மாவின் மகளிர் குழுவில் இருக்கிற ஒரு பெண் வந்து கூப்பிட்டார். பக்கத்து ஊர் கல்யாண மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை முகாம், ஊசி குத்தாமலே உடம்பு முழுக்க செக்கப் என்று. அங்கே ஒரு இரும்புக் கம்பியைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். கம்பியிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போகிறது. ஒரு நிமிடத்தில் பல பக்க ரிப்போர்ட். கல்லீரல், எலும்பு, நரம்பு, கண் என்று எல்லாவற்றுக்கும் ஒரு எண், பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை. அம்மாவுக்கு மெக்னீசியம் வரிசையில் சிவப்பு. "அக்கா, உங்க வலி எல்லாத்துக்கும் இதுதான் மூலம். மெக்னீசியம் ஏறுனா முட்டி வலி, தூக்கமின்மை, கை கால் இழுக்கறது எல்லாம் போயிடும். மூணு மாசத்துல சர்க்கரை மாத்திரையே தேவைப்படாது." டை கட்டிய ஒருவர் மைக்கில் சொன்னது இது. கிட்னி ரிப்போர்ட் இருக்கிறதா என்று அங்கே இருந்த ஒருவரும் கேட்கவில்லை.

12,400 ரூபாய்க்கு ஒரு கிட். மெக்னீசியம் மாத்திரை இரண்டு டப்பா, காலில் அடித்துக்கொள்ள ஒரு மெக்னீசியம் ஸ்ப்ரே, நோனி ஜூஸ், முருங்கைக்கீரை கேப்சூல். எங்கள் வீட்டு வாசலில் முருங்கை மரம் நிற்கிறது. அதன் இலையைப் பொடியாக்கி அடைத்த கேப்சூலுக்கு அம்மா 900 ரூபாய் கொடுத்திருக்கிறார். கையில் அவ்வளவு பணம் ஏது? குழுவில் 10,000 கடன் எடுத்திருக்கிறார். எங்களிடம் சொன்னால் திட்டுவோம் என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு நான் ஓசூரிலிருந்து போனபோது டப்பாவைப் பார்த்தேன். "சத்து மாத்திரை கண்ணு, குழுவுல குடுத்தாங்க" என்றார். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கே லேபிளைத் திருப்பிப் படித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. அது இன்னும் என் மனதை அறுக்கிறது.

முதல் வாரம் வயிற்றுப்போக்கு. அந்தப் பெண்ணிடம் கேட்டதற்கு, "கழிவெல்லாம் வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ். அந்த மெசேஜ் இப்போதும் என் போனில் இருக்கிறது. வயிறு எரிகிறது என்று மெடிக்கலில் வெள்ளை நிற கேஸ் சிரப் வாங்கி அதையும் குடித்திருக்கிறார். மூன்றாவது வாரம் எந்நேரமும் தூக்கம். "உடம்பு ரிலாக்ஸ் ஆகுது" என்று இன்னொரு மெசேஜ். நடந்தால் கால் துவண்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிற அக்கா வந்தபோதுதான், போன முறை கொடுத்த சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பட்டை பிரிக்காமல் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறார். உடனே என் தம்பிக்குப் போன் செய்தது அவர்தான். அந்த அக்காவுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

தம்பி தக்காளி லோடு இறக்கிவிட்டு அதே டெம்போவில் வந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, அம்மா எழுப்புனா ம்ம்னு சொல்லுது, திரும்பியும் தூங்கிடுது. பேச்சு கொழகொழன்னு வருது."

தர்மபுரி ஜி.எச்.சுக்கு நான் போய்ச் சேர இரவு ஒன்பதரை. நாடித்துடிப்பு 44. பிரஷர் 80-க்குக் கீழே. ஒரு பெண் டாக்டர் சின்ன ரப்பர் சுத்தியலால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. இன்னொரு கால், அதுவும் இல்லை. முழங்கையில் தட்டினார், அங்கேயும் இல்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "டாக்டர் எழுதிக் குடுக்காத மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" தம்பி திரும்ப ஊருக்குப் போய் எல்லா டப்பாவையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தான். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். கேஸ் சிரப்பையும் விடவில்லை. அதிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருந்தது.

ரத்தத்தில் மெக்னீசியம் 7.8. சாதாரணமாக 1.7-லிருந்து 2.4-க்குள்தான் இருக்க வேண்டும். கிரியாட்டினின் 2.9-க்கு ஏறியிருந்தது. சிவப்பு எழுத்தில் "குறைபாடு" என்று மண்டபத்தில் அச்சடித்துக் கொடுத்தார்களே, அதே மெக்னீசியம்தான். இதயத்தைக் காப்பாற்ற உடனே கால்சியம் ஊசி, குளுக்கோஸ், சிறுநீர் போக ஊசி. குறையவில்லை என்றால் டயாலிசிஸ் என்றார்கள். இரண்டாம் நாள் மதியம் அதே டாக்டர் அதே சுத்தியலால் தட்டினார். கால் லேசாகத் துள்ளியது. நானும் தம்பியும் அப்போதுதான் வெளியே போய் டீ குடித்தோம்.

நடந்தது என்னவென்று அந்த டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மெக்னீசியம் கெட்டது இல்லை. உடம்புக்குக் கட்டாயம் வேண்டியது. கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் கூடி வலிப்பு வந்தால் காப்பாற்றுகிற ஊசியே மெக்னீசியம் சல்பேட்தான். ஆனால் உடம்புக்குத் தேவைக்கு மேல் போன மெக்னீசியத்தை வெளியே தள்ளுகிற வேலை முழுக்க கிட்னியுடையது. கிட்னி நன்றாக இருப்பவருக்குக் கூடுதலாகப் போனால் வயிற்றுப்போக்கோடு பெரும்பாலும் முடிந்துவிடும். கிட்னி தளர்ந்தவருக்கு வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தேங்கும். முதலில் குமட்டல், சோர்வு, பிறகு தசை தளர்ச்சி, தூக்கம், பிரஷர் இறக்கம், நாடி மெதுவாதல். கடைசியில் மூச்சும் இதயமும்.

லேபிளில் "மெக்னீசியம் ஆக்சைடு 500 மி.கி." என்று இருந்தது. அதில் சுமார் 60 சதவீதம் சுத்த மெக்னீசியம், அதாவது ஒரு மாத்திரையில் 300 மில்லிகிராம். டப்பாவில் தினம் ஒன்று என்று போட்டிருக்கிறது. குழுப் பெண் சொன்னது காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு: 1,200 மில்லிகிராம். நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் முழுவதுக்கும், சாப்பாட்டையும் சேர்த்தே, 370 மில்லிகிராம்தான் தேவை. நூறு கிராம் கேழ்வரகிலேயே ஏறக்குறைய 140 இருக்கிறது. களி தின்று வளர்ந்த ஊரில் வந்து மெக்னீசியம் பஞ்சம் என்று சொல்லியிருக்கிறார்கள். நோனி ஜூஸில் பொட்டாசியம் அதிகம், அதுவும் கிட்னிக்காரர்களுக்கு ஆகாது. முருங்கைக்கீரையைக்கூட இனிமேல் அளவு கேட்டுத்தான் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் பிடிக்கிறதே, அதற்காவது இது கேட்குமா என்று கேட்டேன். அதைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற அமைப்பின் அறிக்கை 2020-ல் வந்திருக்கிறது, சொல்லிக்கொள்ளும் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றார்.

அப்படியென்றால் அம்மாவின் வலி எதனால்? இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டிஸ்சார்ஜுக்கு முன்னால் எலும்பு டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். அம்மா வாயைத் திறந்ததும் பல்லைத்தான் பார்த்தார். பழுப்புக் கறை. எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான், நாங்கள் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. "சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டார். கிணறு, பிறகு போர். முன்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தை ஜன்னலில் ஒட்டிக் காட்டினார். கையில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு, முள் முளைத்த மாதிரி வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தது. ஃபுளோரோசிஸ், அதாவது தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாகிப் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற நோய்.

குடிதண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடுதான் ஏற்றது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் பல இடங்களில் அதைத் தாண்டித்தான் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. தெருக்குழாயில் அந்தத் தண்ணீர் வந்தும், போர் தண்ணீர்தான் ருசி என்று அம்மா அதையே குடித்துக்கொண்டிருந்தார். கிட்னி தளர்ந்தால் ஃபுளோரைடும் உடம்பில் அதிகமாகத் தங்கும். இத்தனை வருட வலியின் வேர் தண்ணீர்க் குடத்தில் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு எக்ஸ்ரேயும், நாலு கேள்வி கேட்கிற ஒரு டாக்டரும் போதுமாக இருந்தது.

அந்தக் கம்பி மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா தேறிய பிறகு நானும் என்னோடு வேலை செய்கிற தோழியும் காவேரிப்பட்டணம் பக்கம் நடந்த இன்னொரு முகாமுக்குப் போனோம். அவளுக்கு 29 வயது. முதலில் உண்மையான வயதைச் சொல்லிக் கம்பியைப் பிடித்தாள், ஏறக்குறைய எல்லாம் பச்சை. அரை மணி கழித்து வேறு மேஜையில் வேறு பெயரில் வயது 64, எடை 82 என்று சொல்லிப் பிடித்தாள். மூட்டுத் தேய்மானம், மெக்னீசியம், கால்சியம் எல்லாம் சிவப்பு. அதே கை, அதே உடம்பு. தட்டச்சு செய்த வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மாதிரி அச்சாகிறது, அவ்வளவுதான். ரத்தம் எடுக்காமல் மெக்னீசியம் அளவைச் சொல்லவே முடியாது.

கம்பெனிக்குப் போன் செய்தால், "இது மருந்து இல்லீங்க, உணவுப் பொருள், லேபிளில் போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். ஆமாம், எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருக்கிறது. மண்டபத்தில் மைக் பிடித்துச் சொன்னது அதற்கு நேர் எதிர். சர்க்கரையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடத்துச் சட்டப்படி குற்றம். வீடு வீடாக நேரடி விற்பனை செய்கிறவர்களுக்கு 2021-ல் விதி வந்திருக்கிறது. அடையாள அட்டை காட்ட வேண்டும், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் விவரத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒரு பில்கூடத் தரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன், உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது, அங்கேயும் போகிறோம். கம்பெனி பெயரை இப்போது எழுதாமல் இருப்பது அதனால்தான். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் டப்பா, நோட்டீஸ், வாய்ஸ் மெசேஜ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் கையில் இருக்கிற ஆதாரமே அதுதான்.

குழுப் பெண்ணின் பெயரையும் நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரும் 30,000 கட்டித்தான் அதில் சேர்ந்திருக்கிறார். சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறார். என் கோபம் மேலே மைக் பிடித்தவர்கள் மேல்.

குழுக் கடனை நான் அடைத்துவிடுகிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. "நான் வாங்குன கடன், நானே கட்டறேன்" என்று வாரா வாரம் 250 கட்டுகிறார். இன்னும் முப்பத்தொரு வாரம் இருக்கிறது.

போன சனிக்கிழமை பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் சுவரில் புது நோட்டீஸ் பார்த்தேன். வேறு பெயர், அதே கம்பி மெஷின் படம், "மூட்டு வலிக்கு இயற்கைத் தீர்வு", வருகிற ஞாயிறு காலை பத்து மணி. உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பினால், பழைய ரிப்போர்ட் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரைத் திறந்து கிரியாட்டினின் என்ற வரியைப் பாருங்கள். ரிப்போர்ட் இல்லையென்றால் முகாமுக்குக் கூட்டிப் போகிற பஸ்ஸிலேயே ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ரத்தப் பரிசோதனைக்குக் காசு கேட்க மாட்டார்கள்.