கையும் களவும் தெரிகிற பிரிண்ட்: காந்தி வீதி பிரேம் கடை

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை போடுகிற இடத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது இந்தக் கடை. மாடியில் பிரிண்டர், கீழே பிரேம் அறுக்கும் பட்டறை. சாமி படமும் கல்யாண போட்டோவும்தான் அன்றாட வேலை. பழைய ஓவியங்களின் ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதையும் அச்சிட்டு, பிரேம் போட்டுத் தருகிறார்கள். திருட்டும் ஏமாற்றும் பிடிபடும் கணத்தைக் காட்டும் ஓவியங்களுக்கு இந்தக் கடை எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. ஒரு பிரிண்ட் கடையைச் சோதிக்க இதைவிடக் கடினமான படங்கள் கிடைக்காது.

காரணம் இருக்கிறது. இந்த வகை ஓவியத்தில் குற்றம் நடுவில் நடப்பதில்லை. நெதர்லாந்தின் பழைய ஓவியர் ஹிரோனிமஸ் போஷ் பெயரில் வழங்கும் வித்தைக்காரன் படத்தில் எல்லோர் கண்ணும் மேசைமேல் இருக்க, இடது ஓரத்தில் ஒருவன் வானத்தைப் பார்த்தபடி முன்னால் குனிந்தவரின் பணப்பையை உருவுகிறான். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் த லா டூர் வரைந்த சீட்டாட்டப் படத்தில் (பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருப்பது) ஏமாற்றுக்காரன் இடது ஓரத்தில் உட்கார்ந்து முதுகுப் பக்கத்து இடைவாரிலிருந்து டைமண்ட் ஏஸ் சீட்டை எடுக்கிறான். உடன் ஆடும் பணக்காரப் பையனுக்கு அது தெரியாது. படம் பார்க்கிற நமக்குத் தெரியும். ஓரம் வெட்டுப்பட்டால் குற்றமும் போய்விடும், சும்மா சீட்டாடுகிற படம்தான் மிஞ்சும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது அளவு. கடையில் தாள் ஏ3, ஏ2 கணக்கில்தான் ஓடுகிறது. ஏ2 என்பது 42 x 59.4 செ.மீ., அதாவது அகலம் உயரத்தைப் போல் 1.41 மடங்கு. லூவ்ர் படம் ஏறக்குறைய அந்த விகிதத்திலேயே இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். ஆனால் லா டூரின் இன்னொரு படமான ஜோசியக்காரி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது, 101.9 x 123.5 செ.மீ.; விகிதம் 1.21தான். தாள் முழுக்க நிரப்பச் சொன்னால் உயரத்தில் 14 சதவீதம் வெட்டுப்படும். கடைப் பையன்கள் கேட்காமலே நிரப்பிவிடுகிறார்கள், இது இவர்களின் பெரிய குறை. “வெட்டாதீங்க தம்பி, 40 உயரத்துக்கு 48.5 அகலம் வரட்டும், சுத்தி மிச்சம் வெள்ளையா விடுங்க” என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். சொன்னால் செய்கிறார்கள்.

அந்த ஜோசியக்காரி படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் பிரிண்டின் தரம் விளங்கும். பகட்டாக உடுத்திய வாலிபனின் கண் கிழவியின்மேல் இருக்கிறது. அவனுக்கும் கிழவிக்கும் நடுவில் நிற்கும் வெளுத்த முகத்துப் பெண், முகத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பிக்கொண்டு, அவன் பதக்கச் சங்கிலியை வெட்டுகிறாள். இடது பக்கம் ஒருத்தி அவன் பையிலிருந்து எடுக்கிறாள். பக்கத்தில் இன்னொருத்தி வாங்கிக்கொள்ளக் கை நீட்டியிருக்கிறாள். சங்கிலி மெல்லிய கோடு. 48.5 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 5,700 பிக்சல் வேண்டும். 4,000 இருந்தால் சுவரில் தள்ளி நின்று பார்க்கப் போதும். அதற்குக் கீழே சங்கிலி துணி மடிப்போடு கலந்துவிடும். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை இல்லாத படங்களைப் பெரிய ஃபைலாக இலவசமாகவே தருகிறது, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அப்படியே. தேடலில் முதலில் கண்ணில் பட்ட படத்தை எடுக்காமல் அங்கிருந்தே இறக்குங்கள். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

அடுத்த சிக்கல் இருட்டு. டச்சு ஓவியர் நிக்கோலாஸ் மாஸ் ஒட்டுக்கேட்கும் எஜமானியைப் பலமுறை வரைந்திருக்கிறார். படிக்கட்டில் நின்று உதட்டில் விரல் வைத்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள்; வேலைக்காரப் பெண்ணும் காதலனும் தள்ளி, சிறிதாக, மங்கலில். திரையில் நன்றாகத் தெரியும், ஏனென்றால் திரைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கிறது. மேட் (பளபளப்பில்லாத) தாளில் மை ஊறுவதால் கருமைக்குள் இருக்கும் வித்தியாசம் அடைபட்டு ஜோடி காணாமல் போகும், எஜமானி எதற்குச் சிரிக்கிறாள் என்றே புரியாது. இத்தாலிய ஓவியர் டின்டொரெட்டோ வரைந்த, ரோமானியக் காதல் தெய்வம் வீனஸின் படத்திலும் இதே கதி: கணவன் வல்கன் போர்வையைத் தூக்கிப் பார்க்க, ஹெல்மெட்டும் தலையுமாகக் கள்ளக்காதலன் மார்ஸ் நிழலில் பதுங்கியிருக்கிறான், நாய்க்குட்டி குரைத்துக் காட்டிக்கொடுக்கிறது. நாயும் ஹெல்மெட்டும் மங்கினால் கதையே இல்லை.

இந்த வேலையில் கடை உண்மையிலேயே தேர்ந்தது. மாடியில் உட்காருகிற அக்கா தாளுக்கேற்ற ஐசிசி புரொஃபைல் (அந்தத் தாளில் நிறம் சரியாக விழ வைக்கும் ஃபைல்) போட்டு, மொத்த வெளிச்சத்தைக் கூட்டாமல் நிழல் பகுதியை மட்டும் சாஃப்ட்வேரின் கர்வ் கோட்டில் தூக்குகிறார். முழுப் படத்துக்கு முன்னால், ஆக இருட்டான இடத்திலிருந்து 10 செ.மீ. பட்டையை அதே தாளில் அடித்துக் கொடுக்கிறார். அதைக் குழல் விளக்கடியில் பார்க்காதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆட்டோ கரெக்‌ஷன் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது பழைய வார்னிஷின் மஞ்சளை அழித்து முகங்களை நீலமாக்கிவிடும்.

தாள் என்றால் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) பருத்தி மேட், பிக்மெண்ட் மை (நிறத்தூள் கலந்த மை). கேன்வாஸ் இந்தப் படங்களுக்கு ஏற்றதில்லை. கட்டையில் இழுத்துச் சுற்றும்போது நாலு பக்கமும் 4 செ.மீ. மடிந்து பக்கவாட்டுக்குப் போகும். போஷின் திருடன் அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கேன்வாஸ்தான் வேண்டும் என்பவர்கள் ஓரத்துக்குத் தனியாக வெறும் நிறம் சேர்க்கச் சொல்லலாம்.

பிரேமில் கவனம் வேண்டும். மவுண்ட் போர்டின் (படத்தைச் சுற்றி வரும் அட்டை) ஜன்னல் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. படத்தின்மேல் ஏறும், பிரிண்டைச் சுற்றி 1 செ.மீ. வெள்ளை ஓரம் விட்டிருந்தால் கவலையில்லை. அமிலமில்லாத போர்டு கேட்டால்தான் எடுக்கிறார்கள், கேட்காவிட்டால் சாதா கிரீம் போர்டுதான். அது சில வருஷத்தில் வெட்டிய ஓரத்தில் மஞ்சளித்துத் தாளுக்கும் கறை ஏற்றும். ஒட்டுவதற்கு இருபக்க டேப்பையும் மைதா பசையையும் அனுமதிக்காதீர்கள். டேப் கறையாகும், மைதாவுக்கு வெள்ளிப்பூச்சி வரும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு காகிதக் கீல் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தில் தாள் விரிந்து சுருங்க இடமிருக்கும்.

கிருஷ்ணன் வெண்ணெய் திருடிப் பிடிபடும் தஞ்சாவூர்ப் படத்தை ஸ்கேன் செய்து பிரிண்ட் போடக் கொடுக்காதீர்கள். தங்க ரேக்கு பிரிண்டில் கடுகு நிறமாகும். அசலை வாங்கி இங்கே பிரேம் மட்டும் போடுங்கள். மக்கு வேலையும் (கலவை பூசி எழுப்பிய புடைப்பு) கல்லும் மேடாக இருப்பதால் கண்ணாடி 1 செ.மீ.யாவது தள்ளி நிற்க வேண்டும். யசோதை கையில் கயிறும் கீழே உரலும் இருந்தால் பிரேமின் உள்விளிம்பு அந்த உரலை மறைக்காதபடி அளவெடுக்கச் சொல்லுங்கள். கட்டிப்போட்டதே அதில்தான்.

பில் ஓடும் அடிக் கணக்கில். வெள்ளை ஓரத்தோடு 51 x 42 வரும் பிரிண்டுக்குச் சுற்றிலும் 5 செ.மீ. மவுண்ட் விட்டால் சுற்றளவு 226 செ.மீ., ஒரு இன்ச் அகலச் சட்டத்துக்கு மூலை வெட்டும் சேர்த்து எட்டேகால் அடி வரை நியாயம். பத்தடி போட்டால் கேட்டுக் குறைக்கலாம், முகம் சுளிப்பதில்லை.

பின்பலகைக்கு எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்காற்றுக்கு ஊதிவிடும். ஏசிபி ஷீட்டும் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு) ஸ்டெயின்லெஸ் திருகும் கேளுங்கள். கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும். உப்புப் பூத்த பழைய சுண்ணாம்புச் சுவரில் எதையும் மாட்டாதீர்கள்.

ஞாயிறன்று வாங்கப் போகாதீர்கள், சந்தைக் கூட்டத்தில் கண்ணாடியோடு வெளியே வருவதே பாடு. கடலூருக்குப் பஸ்ஸில் எடுத்துப்போகிறவர்கள் கண்ணாடிக்குப் பதில் 3 மி.மீ. அக்ரிலிக் போட்டுக்கொள்ளலாம். அதன் பாதுகாப்பு ஃபிலிமை வெளிப்பக்கம் மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.