சுவார்ட்ஸ் ஐயருக்கு இரண்டு பளிங்கு: கோட்டைக் கோயிலா, தஞ்சாவூரா?

சுவார்ட்ஸ் ஐயர் பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி (பாதிரியாரை அப்போது 'ஐயர்' என்பார்கள்). இந்த ஒரே பாதிரியாருக்கு இரண்டு தரப்பார் போட்டி போட்டது மாதிரி நினைவுச் சின்னம் எடுத்திருக்கிறார்கள். ஒன்று கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்தது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தில் நிற்கிறது. மற்றது தஞ்சாவூர் ராஜா சரபோஜி எடுத்தது. சிவகங்கைக் குளத்துப் பக்கம் இருக்கும் கிறிஸ்து ஆலயத்தில், ஊரார் வாயில் 'சுவார்ட்ஸ் சர்ச்', இருக்கிறது. இரண்டும் லண்டன் சிற்பிகள் வெள்ளைப் பளிங்கில் செதுக்கியவை. காட்சியும் ஒன்றே: சாகக் கிடக்கும் கிழவர், சுற்றிலும் ஆட்கள். எதைப் போய்ப் பார்க்கலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் முதலில் கோட்டைக்குப் போய்விட்டு வருவோம்.

தட்டுமுட்டுச் சாமான் கணக்கில் பார்த்தால் போட்டியே இல்லை, கோட்டைதான் ஜெயிக்கும். 1678-இல் கட்டத் தொடங்கி 1680-இல் பிரதிஷ்டை செய்த கோயில் அது. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று சுவரை நாலடி, வளைவுக் கூரையை இரண்டடி கனத்துக்குக் கட்டினார்கள். பீடத்துக்கு மேலே கடைசி இராப்போஜன ஓவியம். ரஃபேல் பாணியைச் சேர்ந்தது, 1761-இல் புதுச்சேரியைப் பிடித்தபோது அள்ளிக்கொண்டு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கொள்ளைப் பொருளுக்கு முன்னால் நின்றுதான் இத்தனை காலமும் திருவிருந்து நடக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் தந்த எலைஹூ யேலும் (1680) ராபர்ட் கிளைவும் (1753) கல்யாணம் செய்துகொண்டது இங்கேதான்.

எனக்குப் பிடித்தது கருங்கல்லில் செய்த ஞானஸ்நானத் தொட்டி. கல்கத்தாவுக்கு அடித்தளம் போட்டவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் மகள்கள் மூவருக்கு 1689-இல் இங்கே ஞானஸ்நானம் நடந்தது. அந்த சார்னாக் செத்த பிறகு கல்கத்தாவில் அவர் கல்லறைமேல் வைத்த கல்லைப் பார்த்துத்தான் புவியியலாளர்கள் ஒரு பாறை வகைக்கே 'சார்னாக்கைட்' என்று பேர் வைத்தார்கள். நம் பல்லாவரம் மலைப் பாறையும் அதே இனம்தான்.

வெளியே தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். ஆனால் அவற்றுக்குக் கீழே யாரும் புதைக்கப்படவில்லை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் பழைய இடுகாட்டுக் கல்லறைகளின் மறைவில் இருந்துகொண்டு சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் அந்த இடுகாட்டை இடித்து, கற்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே பரப்பிவிட்டார்கள். இருப்பதிலேயே பழையது 1652-ஆம் ஆண்டுக் கல்.

சரி, பளிங்குக்கு வருவோம். கம்பெனியின் சின்னத்தைச் செதுக்கியவர் இளைய ஜான் பேக்கன். பொறித்த ஆண்டு 1807. சக மிஷனரி ஒருவர் ஐயரின் தலையைத் தாங்கியிருக்கிறார். ஒரு குழந்தை அவர் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஐயர் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. மேலேயிருந்து சிலுவையை ஏந்தி இறங்கும் தேவதூதனைப் பார்க்கிறார். இன்னொரு கை அந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது. கீழே நீளமான ஆங்கில வாசகம். அவரால் விளைந்த 'பொது நன்மை'க்கு நன்றி என்று கம்பெனி அதில் எழுதி வைத்திருக்கிறது. 1779-இல் ஹைதர் அலியிடம் தூது போக கம்பெனி அனுப்பியது இவரைத்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1806 ஜூலையில் வேலூர்ச் சிப்பாய்க் கலகம். பாதிரிகளால்தான் வினை வந்தது என்று கம்பெனிக்காரர்களே பலர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பாதிரிக்குப் பளிங்கு எழுந்தது.

தஞ்சாவூர்க் கோயில் 1779-இல் எழுந்தது. கோட்டைக் கோயிலைப் பார்த்த கண்ணுக்கு உள்ளே வெறிச்சென்றுதான் இருக்கும். அதனால் கண் நேராகப் பளிங்குக்குப் போகிறது. இதைச் செதுக்கியவர் ஜான் ஃபிளாக்ஸ்மன். இந்தியாவுக்கே வராதவர். கட்டிலுக்குப் பின்னால் சக மிஷனரி கெரிக்கே ஐயர், பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூவர். முன்னால் உதவியாளர்களோடு சரபோஜி, கிழவரின் கையைப் பிடித்தபடி. வானத்திலிருந்து யாரும் இறங்கவில்லை. அந்த இரண்டு கைகள்தான் இந்தச் சிற்பம். பேக்கனின் பளிங்கிலும் கை உண்டு, பிடிப்பதற்கு ஒரு குழந்தையும் உண்டு. ஆனால் அங்கே அது ஓரத்து விஷயம்.

ராஜாவே பணம் கொடுத்துத் தன்னையும் அதில் செதுக்கவைத்துக்கொண்டாரே, அது பெருமைக்காகத்தானே என்று கேட்கலாம். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் 1798 பிப்ரவரியில் ஐயர் இறந்தபோது சரபோஜி இன்னும் பட்டத்துக்கு வரவில்லை. துளஜா மன்னர் தத்தெடுத்தபோது அவன் பத்து வயதுப் பையன். துளஜா 1787-இல் இறந்தபின் அமர்சிங் ஆட்சியில் அவனுக்குப் பாதுகாப்பும் படிப்பும் கிடைக்கப் பாடுபட்டவர் சுவார்ட்ஸ். அதே ஊரில் இருக்கும் ஐயரின் கல்லறைக் கல்லுக்கு சரபோஜி ஆங்கிலத்தில் செய்யுள் எழுதினார். அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்றெல்லாம் போய், தகப்பனே, உமக்குத் தகுந்தவனாக நான் இருக்க வேண்டும் என்று உம் சரபோஜி வேண்டுகிறான் என்று முடியும். இலக்கணம் பார்த்தால் சுமார்தான். கம்பெனியின் நீண்ட வாசகத்தில் இப்படி ஒரு வரி கிடையாது.

தஞ்சாவூர்க் கதையில் ஒரு கசப்பும் உண்டு. அந்தக் காலத்துச் சபையில் சாதி பார்த்துத் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் அதை உடனே ஒழிக்கச் சொன்னபோது பலர் சபையை விட்டே விலகினார்கள். ஐயரின் மாணவரும் கிறிஸ்தவக் கவிஞருமான வேதநாயகம் சாஸ்திரியாரும் புது மிஷனரிகளோடு மோதியவர். பளிங்கில் ராஜா கையைப் பிடித்து நிற்கிறார்; கீழே சபையில் பாய் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

ஆக, சாமான்களைப் பார்க்க ஆசையென்றால் கோட்டைக்குப் போங்கள். தலைமைச் செயலக வளாகம் என்பதால் வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பளிங்குக்காக என்றால் நான் தஞ்சாவூருக்குத்தான் பஸ் ஏறுவேன். போனால் பெரிய கோயிலையும் விடாதீர்கள். அதன் சுவரில் தன் வம்ச வரலாற்றை மராத்தியில் நீளமாக வெட்டிவைத்தவரும் இதே சரபோஜிதான், 1803-இல்.