கதவுப் பேனல் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் செட்: தாராளமாக வாங்கலாம்

கார் கதவின் உள்பக்க உறையான பேனலைக் கழற்றி 6.5 அங்குல ஸ்பீக்கர் மாற்றுவதற்காக இந்த செட்டை வாங்கினேன், நாலு கதவையும் முடித்துவிட்டேன், முழுத் திருப்தி. முன்பு ஒரு தடவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி கதவு ஓரத்துப் பெயிண்டில் கீறல் விழுந்தது, இன்றும் அது கண்ணில் படும்போதெல்லாம் மனசு வலிக்கும். இது நைலான், அந்தப் பயம் இல்லை.

அதிகம் உதவியது நுனி இரண்டாகப் பிளந்த அகலத் துண்டுதான். கைப்பிடிக் குழியிலும் லாக் கைப்பிடிக்குப் பின்னாலும் சின்ன மூடிக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், அதை முதலில் கழற்றிவிட்டு, கீழ் ஓரத்தில் பேனலைக் கதவோடு பிடித்திருக்கும் கிளிப்புக்கு ஒட்டினாற்போலச் செருகி நெம்பினால் டப் டப்பென்று ஒவ்வொன்றாக விடும், அப்புறம் பேனலை மேல்நோக்கித் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள், பின்னால் ஜன்னல் ஸ்விட்ச் வயரும் லாக் கேபிளும் இருக்கின்றன.

குறை என்றால், மெல்லிய துண்டின் நுனி மூன்றாவது கதவிலேயே வளைந்துவிட்டது. உதிரி கிளிப் நாலைந்தாவது சேர்த்துக் கொடுத்திருக்கலாம். எனக்கு இரண்டு உடைந்தன, அப்படியே மாட்டினால் பேனல் அதிர்ந்து புது ஸ்பீக்கரின் சத்தத்தையே கெடுத்துவிடும்.

பேனலை மூடும் முன் ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கி, ஸ்பீக்கர் காந்தத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழிக்காமல் திரும்ப ஒட்டுங்கள், மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான்.