எச்சரிக்கை: படத்தில் ஒரு சின்னம், தபாலில் வேறொரு சின்னம்

முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் தொப்பிச் சின்னங்களை இணையத்தில் வாங்குவோர் கவனத்திற்காக இதை எழுதுகிறேன். 1915 அக்டோபரில் தொடங்கி 1922-இல் கலைக்கப்பட்ட மெஷின் கன் கோர் படைப்பிரிவின் பித்தளைச் சின்னம் ஒன்றை, இங்கிலாந்து விற்பனையாளர் ஒருவரிடம் 60 பவுண்டு கொடுத்து வாங்கினேன். குறுக்காக வைத்த இரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகளும் மேலே கிரீடமும் கொண்ட இச்சின்னத்திற்குப் போலிகள் மலிந்திருப்பதால், பின்புறப் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் அனுப்பினேன்.

படத்தில் இருந்தது குறை சொல்ல முடியாத சின்னம். அச்சில் அடித்த தகடு என்பதால் முன்புறத்து மேடுகள் பின்புறத்தில் பள்ளங்களாகத் தெளிவாகத் தெரிந்தன. தொப்பியில் செருகும் ஸ்லைடரும் சுத்தமாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. தபாலில் வந்ததோ வார்ப்பு. அதன் பின்புறம் ஏறக்குறையத் தட்டையாக, ஊசி குத்தியது போன்ற சிறு குழிகளுடன் இருந்தது. தடித்த ஸ்லைடரின் அடியில் ஈயப்பற்று சாம்பல் நிறத்தில் பிதுங்கி நின்றது. துப்பாக்கிகளுக்கு இடையே கூர்மையாக வெட்டப்பட்டிருக்க வேண்டிய துளைகளின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. சிப்பாய் நாள்தோறும் தேய்த்துத் துலக்கிய சின்னத்தில் மேடுகள் தேய்ந்தும், பள்ளங்களில் மெருகுப் பசையின் வெள்ளைப் படிவு தங்கியும் இருக்கும். இதிலோ எங்கும் ஒரே சீரான கருமை. சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்ததும் அந்த 'நூறாண்டுப் பழமை' கரைந்து போயிற்று!

கிரீடத்தை மட்டும் நம்புவோருக்கு ஒரு சொல். 1901 முதல் 1952 வரை சின்னங்களில் வழங்கிய 'டியூடர்' என்ற கிரீட வடிவத்தை, போலி செய்பவர்களும் சரியாகவே போடுகிறார்கள். ராணி எலிசபெத் காலத்துக் கிரீடத்தோடு வருவதைத் தள்ளிவிட மட்டுமே அந்தச் சோதனை உதவும். அசல் அச்சிலேயே பிற்காலத்தில் அடித்த மறுபதிப்புகளும் உலவுகின்றன. அவற்றிடம் பின்புறச் சோதனையும் பலிக்காது.

'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்று விற்பனையாளர் கைவிரித்தார். இரு படங்களையும் அருகருகே வைத்து முறையிட்ட பின், தபால் செலவு நீங்கலாகப் பணம் திரும்பியது. ஆனால் அதே பின்புறப் படம் இப்போது வேறொரு விற்பனைப் பெயரில் மீண்டும் வந்திருக்கிறது: ஸ்லைடருக்கு இடப்பக்கம் முக்கோண வடிவில் ஒரு கீறல் இருக்கும். அதைக் கண்டால், அன்றைய தேதி எழுதிய தாளின் மேல் சின்னத்தைக் கவிழ்த்து வைத்து எடுத்த புதுப் படம் கேளுங்கள். அது வரும் வரை பணம் அனுப்ப வேண்டாம்.