சீ ஃபோம் வெள்ளை ரோஜா: வாங்கலாம், ஒட்டுச்செடியாக வேண்டாம்

தரையை மூடிப் படரும் வெள்ளை ரோஜா தேடுபவர்களுக்கு சீ ஃபோம் அருமையான ரகம். அமெரிக்காவில் எர்னஸ்ட் ஷ்வார்ட்ஸ் உருவாக்கி, 1964-ல் வெளிவந்தது. உயரம் இரண்டரை அடி, பக்கவாட்டில் ஐந்தாறு அடி ஓடும். பூ கொத்துக் கொத்தாக, பாலேட்டின் நிறத்தில் விரிந்து வெளுக்கும். வாசனை சொற்பம்.

வாங்கும்போது தண்டின் அடியைப் பாருங்கள். ஓசூர்ப் பக்க நர்சரிகளில் ஒட்டுச்செடிகள் நிறைய; ஒட்டிய இடம் புடைத்திருக்கும். அதற்குக் கீழிருந்து காட்டுக்கிளை (ஒட்டுக்கு அடிவேராக வைத்த வேறு ரோஜாவின் கிளை) கிளம்பினால், குத்துச்செடியில் உடனே தெரிந்துவிடும். இந்தப் படர்ச்சிக்குள் தெரியாது. பாதிச் செடியை அமுக்கிய பிறகுதான் கண்ணில் படும். குச்சி நட்டு வேர்விட்ட செடியாகக் கேட்டு வாங்குங்கள். ஒட்டுதான் கிடைத்தது என்றால், காட்டுக்கிளையை மண்ணைத் தோண்டி அடியோடு பிய்த்தெடுங்கள். வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

‘களையே வராது’ என்று சொல்லி விற்பார்கள். கோரையிடம் அது பலிக்காது. ஒரு அடி ஆழம் கிளறிக் கிழங்கைப் பொறுக்காமல் நட்டால், பிறகு முள்ளுக்குள் கைவிட வேண்டியதுதான். ஒன்றரை அடிக் குழி, மூன்றடி இடைவெளி. செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒன்று, மணல் ஒன்று, குழிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. மேலே கடலைத்தோல் இரண்டு அங்குலம், தண்டை ஒட்டாமல்.

ஓசூர்க் குளிர்ச்சிக்கு நன்றாக வரும். தர்மபுரிப் பக்கம் வெயிலைவிட உப்பு ஏறிய போர்த் தண்ணீர்தான் தொல்லை. கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை மாலையில் தெளியுங்கள். அதற்கு முன் விரிந்த பூக்களைக் கிள்ளிவிடுங்கள். வெள்ளை இதழில் துருக்கறை விழுந்தால் போகாது.

மார்ச் முதல் மே வரை இதழோரம் தீய்ந்தாற்போல் பழுத்தால் இலைப்பேன் என்ற சிறு பூச்சிதான் காரணம். மொட்டைப் பிரித்து வெள்ளைத்தாளில் தட்டினால் நூல்துணுக்குபோல் ஓடும். நீல ஒட்டும் அட்டையைச் செடிக்கு அரையடி மேலே கட்டுங்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்தால் ஆறேழு வாரத்தில், பொங்கலை ஒட்டிப் பூக்கும்.