600 மி.மீ. லென்ஸுக்கு எது துணை: கையா, மோனோபாடா, டிரைபாடா?

பறவைப் படம் ஷார்ப்பாக வரவில்லை என்று யாரிடமாவது சொன்னால், உடனே டிரைபாட் (மூன்று கால் தாங்கி) வாங்கச் சொல்வார்கள். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸோடு நிற்பவருக்கு நான் சொல்வது வேறு. முதலில் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி), பறப்பவற்றுக்கு வெறும் கை, டிரைபாட் கடைசியில்தான்.

கையில் பிடிப்பதில் கிடைக்கும் சுதந்திரம் வேறு எதிலும் இல்லை. நத்தைகுத்தி நாரை திடீரென்று கிளம்பித் தலைக்கு மேல் வட்டமடித்தால் இடுப்பைத் திருப்பிக்கொண்டே பின்தொடரலாம். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கீழே இறக்கவே கூடாது. அந்த வேகத்தில் கை நடுக்கமும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்டெபிலைசர் (லென்ஸில் உள்ள நடுக்கம் குறைக்கும் வசதி) நம் ஆட்டத்தைத்தான் குறைக்கும், சிறகடிப்பை நிறுத்தாது. அதற்காக ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும். அதனால் படத்தில் வரும் புள்ளிகளை, அதாவது நாய்ஸை, அப்புறம் மென்பொருளில் குறைக்கலாம், கலங்கிப்போன இறகை மீட்பது கடினம். ஆனால் எடை இருக்கிறதே! சிக்மா 150-600 கன்டெம்பரரி மட்டுமே 1.9 கிலோவுக்கு மேல். குஞ்சுக்கு இரை வரும்வரை அதைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்க முடியாது.

அந்தக் காத்திருப்புக்குத்தான் மோனோபாட். எடையைத் தரை வாங்கிக்கொள்கிறது, மேலும் கீழுமான ஆட்டம் நின்றுவிடுகிறது, பக்கவாட்டில் மிஞ்சும் அசைவை ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும். கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவுக்கு 1/500 தாராளம். ஆட்கள் நடந்துபோகும் கரையில் மூன்று காலை விரித்து வழியை மறிக்கவும் வேண்டாம்.

டிரைபாடின் நேரம் விடியற்காலை. வெளிச்சம் போதாமல் ஷட்டர் 1/100க்கு இறங்கும்போது, அசையாமல் நிற்கும் சாம்பல் நாரைக்கு அதுதான் சரி. பந்துத் தலையில் நீள லென்ஸ் முன்பக்கம் சாயும், ஆகவே கனமான லென்ஸைச் சமநிலையில் தாங்கித் திருப்ப உதவும் கிம்பல் ஹெட் வேண்டும்; நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் ஸ்டெபிலைசரை அணைத்துவிட வேண்டும்.

காரிலிருந்து எடுப்பதென்றால் இந்த மூன்றுமே வேண்டாம். ஜன்னலில் ஒரு பீன் பேக் (மணிகள் அடைத்த சிறு பை) போதும், என்ஜினை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இவை எதுவும் தீர்க்காத சிக்கல்கள் இரண்டு. ஒன்று ஃபோகஸ். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 600 மி.மீ., எஃப்/6.3 துளை, பத்து மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 10 செ.மீ.தான். ஃபோகஸ் புள்ளி நாரையின் இறக்கையில் விழுந்தால் கண் மங்கிவிடும். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி கேமராவில் இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைத் தலையில் வையுங்கள்.

இன்னொன்று கானல். வெயில் ஏறியபின் சூடான காற்று அலையடிக்கும். அதன் ஊடே எடுக்கும் தூரத்துப் பறவை, எவ்வளவு கனமான டிரைபாடில் வைத்தாலும் குழைந்துதான் விழும். அதிக ஜூமும் உதவாது, கானலையும் சேர்த்தே பெரிதாக்கும். டிரைபாடுக்குப் பணம் ஒதுக்கும் முன், காலை ஏழு மணிக்குள் கரைக்கு வந்து, அருகில் இருக்கும் பறவைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள்.